நிறம் பூசிய துறவு

தமிழில் ‘பூசி மெழுகுதல்’ என்றால் குற்றத்தை மறைத்தல் என்றும், ‘சாயம் வெளுத்துவிட்டது’ என்றால் பொய் வெளிப்பட்டுவிட்டது என்றும், ‘மேற்பூச்சு’ என்றால் உள்ளீடற்ற பகட்டு என்றும் பொருள் கொள்ளப்படுகிறது. அதே மொழியில் ‘மெருகேறியது’ என்று சொல்லும்போதோ, ஒரு பொருளோ ஆளோ தன் இயல்பிலேயே முதிர்ந்து உயர்ந்த நிலை குறிக்கப்படுகிறது. பூச்சு பொய்யின் பக்கம், மெருகு மெய்யின் பக்கம் என்னும் இத்தீர்ப்பு மரவேலைக்கும் அப்படியே வந்து சேர்ந்திருக்கிறது. தம் வீட்டுக்குத் தாமே அலமாரி செய்துகொள்பவர்களும் சரி, செய்வித்துக்கொள்பவர்களும் சரி, வண்ணம் பூசினால் மரம் மறைந்துவிடுகிறது என்றும், தெளிந்த பாலிஷ் ஏற்றினால் மரம் மரமாகவே தெரிகிறது என்றும், ஆகவே பின்னதே நேர்மையும் எளிமையும் உடையது என்றும் பெரும்பாலும் ஐயமின்றி நம்புகின்றனர். இது சுவை சார்ந்த ஒரு விருப்பம்போலத் தோன்றினாலும், ஒரு பொருளின் உண்மை அதன் பரப்பில் இருக்கிறதா, பரப்புக்கு அடியில் இருக்கிறதா என்னும் பழைய மெய்யியல் வினாவும், எளிமை என்பது எதை நீக்குவதால் கிட்டுகிறது என்னும் சமய வினாவும் அதனுள் அடங்கியிருக்கின்றன.

வினாவுக்குள் செல்லுமுன், பூச்சு மரத்துக்கு என்ன செய்கிறது என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். அறுத்து, இழைத்து, பொருத்தப்பட்ட பிறகும் மரம் ஓய்ந்துவிடுவதில்லை. ஈரக் காலத்தில் காற்றின் ஈரத்தை வாங்கி அகலவாட்டில் விரிவதும், வறண்ட காலத்தில் அதை வெளிவிட்டுச் சுருங்குவதும் அதன் இயல்பு. எந்தப் பூச்சாலும் இந்தப் போக்குவரத்தை முற்றிலும் நிறுத்த முடியாது; அதன் வேகத்தை மட்டுமே குறைக்க முடியும். பலகையின் ஒரு முகத்துக்கு மட்டும் பூசி, கண்ணுக்குத் தெரியாத மறுமுகத்தைப் பச்சையாக விட்டால் இரு முகங்களும் வெவ்வேறு வேகத்தில் ஈரம் வாங்கிப் பலகை வளையக்கூடும் என்று தச்சர்கள் எச்சரிப்பது இதனால்தான். யாரும் காணாத பக்கத்தையும் காணும் பக்கத்தைப் போலவே பேண வேண்டும் என்று அறநூலார் சொல்லும் ஒன்றை இங்கே இயற்பியலே சொல்கிறது. பூசுவதற்கு முந்தைய வேலையும் கருதத்தக்கது. 80 எண் உப்புத்தாளில் தொடங்கி 120, 180, 220 என ஏறிச்செல்லும்போது ஒவ்வொரு தாளும் முந்தைய தாள் விட்ட கீறலை அழித்து, அதைவிட நுண்ணிய தன் கீறலை விட்டுச் செல்கிறது. வழவழப்பு என்று கைக்குப் படுவது கீறலின் இன்மை அன்று, கண்ணுக்குப் புலப்படாத அளவுக்கு நுண்ணிதாகிவிட்ட கீறல்களே.

பூச்சுப் பொருள்கள் இருவேறு வழிகளில் இறுகுகின்றன என்பதும் இவ்வினாவுக்கு முதன்மையானது. புரசு, இலந்தை முதலிய மரங்களில் வாழும் சிறு பூச்சியிடமிருந்து கிடைக்கும் அரக்கைச் சாராவியில், அதாவது ஸ்பிரிட்டில், கரைத்துப் பூசினால், சாராவி ஆவியாகப் பறந்துபோய் அரக்கு மட்டும் மெல்லிய ஏடாகத் தங்குகிறது. மீண்டும் சாராவி பட்டால் அது மீண்டும் கரையும். ஆளி விதை எண்ணெய் அப்படிப்பட்டதன்று. அது உலர்வதாகச் சொல்லப்பட்டாலும் அதிலிருந்து பெரிதாக எதுவும் ஆவியாவதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனை உள்வாங்கி, எடை கூடி, முன்பு இல்லாத ஒரு புதிய திடப்பொருளாக அது மாறுகிறது, மாறியபின் எண்ணெயாகத் திரும்புவதில்லை. அரக்கு மரத்துக்கு ஆடை போன்றதென்றால் எண்ணெயை ஆடை என்று சொல்ல இயலாது, ஏனெனில் அது இழைகளுக்குள் இறங்கி அங்கேயே இறுகிவிடுகிறது. இந்திய மெய்யியலில் ஓர் உண்மைப் பொருளின்மேல் வேறொன்றை ஏற்றிக் காணும் மயக்கத்தை அத்வைதிகள் அத்தியாசம் என்பர். கயிற்றில் பாம்பைக் காண்பது அதன் வழக்கமான எடுத்துக்காட்டு. சைவ சித்தாந்திகளோ உயிரைப் பற்றிய ஆணவத்தைச் செம்பில் களிம்பு என்று விளக்கி, அது வெளியிலிருந்து வந்து ஏறியதன்று, தொடக்கமில்லாமல் உடன் இருப்பது என்பர். எண்ணெய்ப் பூச்சை இவ்விரண்டில் எதிலும் அடக்க முடியவில்லை: அது வெளியிலிருந்து ஒரு நாளில் வந்து சேர்ந்ததுதான், ஆனாலும் வந்தபின் பிரித்தெடுக்க முடியாதது.

தெளிந்த பூச்சு மரத்தை உள்ளவாறே காட்டுகிறது என்ற கருத்தும் இங்கே தளர்கிறது. இழைத்து விட்ட வெறும் பலகை வெளிறி, மங்கலாகத் தோன்றுவதற்குக் காரணம், அதன் நுண்துளைகளில் நிறைந்த காற்றும் மர இழையும் சேர்ந்து ஒளியைச் சிதறடிப்பதே. எண்ணெய் அத்துளைகளை நிரப்பும்போது சிதறல் குறைகிறது. நிறம் ஆழ்ந்து, ரேகை எழுந்து, வயிரப்பகுதி கருமை கொள்கிறது. மரத்தின் உண்மையான நிறம் இதுதான் என்று வியந்து காட்டப்படும் அந்நிறம் எண்ணெய் படுவதற்கு முந்தைய கணத்தில் அம்மரத்தில் இல்லை. ஆகவே காட்டுவதும் ஒரு செய்கையே, காட்டப்படுவதும் செய்யப்பட்ட தோற்றமே. மறைக்கும் பூச்சுக்கும் காட்டும் பூச்சுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைப் பொய்க்கும் மெய்க்கும் இடையிலுள்ள வேறுபாடாகக் கொள்வதற்கு இயற்கையில் ஆதாரம் இல்லை.

மேலைநாட்டில் இவ்வினாவை அறவியல் வினாவாகவே எடுத்துக்கொண்டவர் ஜான் ரஸ்கின் என்னும் ஆங்கிலேயக் கலைத் திறனாய்வாளர். கட்டடக்கலையின் ஏழு விளக்குகளைப் பற்றி 1849இல் அவர் வெளியிட்ட நூலில் உண்மை என்னும் விளக்குக்கு ஒரு முழு இயலை ஒதுக்கி, ஒரு பொருளை மற்றொரு பொருளாகத் தோன்றச் செய்யும் பரப்பு வேலையை, குறிப்பாக மரத்தைச் சலவைக்கல்லாகக் காட்டத் தீட்டுவதை, வஞ்சனை என்று கடிந்தார். ஆயினும் அவர் பூச்சை முழுவதுமாக விலக்கவில்லை. கட்டடத்தில் பொன்முலாம் பூசுவது குற்றமில்லை, ஏனென்றால் அதைப் பார்ப்பவர் எவரும் கட்டடம் பொன்னால் ஆனது என்று எண்ணுவதில்லை. அதே முலாமை அணிகலனில் பூசினால் குற்றம், ஏனென்றால் அங்கே பார்ப்பவர் அதைப் பொன் என்றே எடுத்துக்கொள்வார் என்பது அவர் வாதம். பொய் என்பது பரப்பில் இல்லை, பரப்பு பார்ப்பவரிடம் முன்வைக்கும் கூற்றில் இருக்கிறது என்று ரஸ்கினே இவ்விடத்தில் ஒப்புக்கொள்கிறார். தம் பிற பக்கங்களில் அவர் இதை முழுதாகப் பின்பற்றவில்லை என்பது வேறு செய்தி.

இந்தச் சிந்தனையை ஒரே விதியாகச் சுருக்கியவர் வியன்னாவில் எழுதிய கட்டடக்கலைஞர் அடால்ஃப் லோஸ். மேலுறை பற்றி 1898இல் எழுதிய கட்டுரையில், மரத்துக்கு எந்த நிறத்தையும் பூசலாம், மரத்தின் நிறத்தை மட்டும் பூசக் கூடாது என்று அவர் வரையறுத்தார். மலிந்த மரத்தின்மேல் உயர்ந்த மரத்தின் ரேகைகளைத் தூரிகையால் வரைந்துவிடும் வழக்கம் அன்று ஐரோப்பிய வீடுகளில் பரவியிருந்ததால் எழுந்த விதி இது. பச்சை பூசிய கதவு தான் மரம் என்றும் சொல்வதில்லை, மரமில்லை என்றும் சொல்வதில்லை. தேக்கின் ரேகை வரையப்பட்ட தேவதாரு மட்டுமே தான் அல்லாத ஒன்றைத் தான் என்கிறது. இன்று ஒட்டுப்பலகை அலமாரிகளின்மேல் ஒட்டப்படும், மரரேகை அச்சிட்ட லேமினேட் தகட்டைப் பார்த்தால் லோஸ் என்ன சொல்லியிருப்பார் என்பதை ஊகிக்க அதிகக் கற்பனை தேவையில்லை.

ரஸ்கினும் லோஸும் பரப்பு பேசும் பொய்யைப் பற்றிக் கவலைப்பட்டனர். பரப்பு பேசும் ‘நான்’ என்பதைப் பற்றிக் கவலைப்பட்ட ஒரு சமயக் குழு அவர்களுக்கு முன்பே அமெரிக்காவில் இருந்தது. வழிபாட்டின்போது உடல் நடுங்கி ஆடியதால் ஷேக்கர்கள், அதாவது நடுங்குவோர், என்று பிறரால் அழைக்கப்பட்ட அக்கிறித்தவக் குழுவினர், ஆன் லீ என்னும் பெண்ணின் தலைமையில் 1774இல் இங்கிலாந்திலிருந்து கடல் கடந்து வந்தவர்கள். அவர்கள் மணம் துறந்து, உடைமைகளைப் பொதுவாக்கி, ஆணும் பெண்ணும் சம நிலையில் ஒரே குடியிருப்பில் தனித்தனிப் பகுதிகளில் வாழ்ந்தனர். தம் நாற்காலிகளையும் இழுப்பறைகளையும் சுவரோடு பொருத்திய அலமாரிகளையும் தாமே செய்துகொண்டனர். வீட்டுக்காக வீட்டிலேயே செய்யப்படும் அலமாரி என்பதற்கு இதைவிட முழுமையான சான்று கிடைப்பது அரிது; ஒரே வேறுபாடு, அவர்களுக்கு வீடு என்பது ஏறத்தாழ நூறு பேர் வரை வாழும் ஒரு குடும்பம் என்பதே.

1821இல் தொகுக்கப்பட்டு, ஆவியின் அருள் நேரடியாக இறங்குவதாக அவர்கள் நம்பிய காலத்தில், 1845இல், விரிவாகத் திருத்தப்பட்ட அவர்களுடைய ஆயிரமாண்டுச் சட்டங்கள் கட்டடம், வண்ணம், வார்னிஷ் ஆகியவற்றுக்கென ஒரு பகுதியை ஒதுக்கின. அழகுக்காக மட்டும் செய்யப்படும் விளிம்புச் செதுக்கல்கள் விலக்கப்பட்டன. வழிபாட்டுக் கூடத்தின் வெளிப்புறம் வெண்மையாகவும் உட்புறம் நீலச் சாயலிலும் இருக்க வேண்டும். வேறு எந்தக் கட்டடத்துக்கும் வெண்மை பூசலாகாது. கட்டில்களுக்குப் பச்சை பூச வேண்டும். குடியிருப்பின் தரைக்குச் சாயம் ஏற்றுவதானால் அது செம்மை கலந்த மஞ்சளாகவும், பட்டறையின் தரைக்கு மஞ்சள் கலந்த சிவப்பாகவும் இருத்தல் வேண்டும். இவ்விரு நிறங்களையும் அருகருகே வைத்து வேறுபடுத்திக் காட்டச் சொன்னால் தேர்ந்த வண்ணக்காரரும் சற்றே தயங்குவார், சட்டம் தயங்கவில்லை. குடியிருப்புகளில் மேசை, இழுப்பறைப்பெட்டி, நாற்காலி போன்ற இடம் பெயரும் பொருள்களுக்கும் மாடிப்படியின் கைப்பிடிக்கும் வார்னிஷ் பூசலாம். வளைத்த மரத்தாலான நீள்வட்டப் பெட்டிகளுக்குச் சிவப்போ மஞ்சளோ சாயம் ஏற்றலாம், வார்னிஷ் மட்டும் கூடாது.

இந்த விதிகளில் பயன் கருதியவை சில உண்டு. கை படும் இடத்தில் வார்னிஷ் அழுக்கைத் தடுக்கிறது என்பதால் நாற்காலிக்கும் கைப்பிடிக்கும் அது அனுமதிக்கப்பட்டது என்று கொள்ளலாம். ஆனால் நீள்வட்டப் பெட்டியும் நாள்தோறும் கை படும் பொருளே. அதற்கு ஏன் விலக்கு என்பதைப் பயனால் விளக்க முடியாது. விளக்கத்தைப் பிறிதோர் இடத்தில் தேட வேண்டும். ஓர் அலமாரியைச் செய்யும்போது அதன் உயரத்தை அறையும், தட்டுகளின் இடைவெளியை அதில் வைக்கப்படும் பொருளும், பொருத்துமுறையை மரத்தின் விரிவும் சுருக்கமும் பெரும்பாலும் தீர்மானித்துவிடுகின்றன. தச்சர் தம் விருப்பத்தைச் செலுத்துவதற்கு எஞ்சியிருக்கும் அகன்ற இடம் நிறமும் பளபளப்புமே. எந்தத் தேவையும் கட்டுப்படுத்தாத அந்த இடத்தில்தான் செய்தவருடைய ‘நான்’ எளிதாக நுழைகிறது. உடைமையையும் மணத்தையும் துறந்தவர்கள் துறக்க மறந்துவிடக்கூடிய மிகச் சிறிய உடைமை, இந்த நிறம் எனக்குப் பிடிக்கும் என்னும் எண்ணம். ஷேக்கர் சட்டம் நிறத்தை நீக்கவில்லை. நிறத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை நீக்கியது.

நிறத்தை நீக்கவில்லை என்பது அழுத்திச் சொல்லத்தக்கது. மெய்ன் மாநிலத்தின் சப்பத்டே லேக் குடியிருப்பில் 1794இல் எழுப்பப்பட்ட வழிபாட்டுக் கூடத்தின் உள் மரவேலைகளில் பூசப்பட்ட ஆழ்ந்த நீலம் இன்றும் காணக்கிடைக்கிறது. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஹான்காக்கில் 1830இல் கட்டிய செங்கல் குடியிருப்பைப் பற்றி அதன் மூத்தோருள் ஒருவரான வில்லியம் டெமிங் 1832இல் எழுதிய கடிதத்தில், 245 அலமாரிக் கதவுகளையும் 369 இழுப்பறைகளையும் எண்ணிச் சொல்லி, இழுப்பறைகளின் முகப்பு அக்ரூட் குடும்பத்தைச் சேர்ந்த பட்டர்நட் மரத்தால் ஆனது என்றும் அதற்கு அழகாகச் சாயம் ஏற்றப்பட்டிருக்கிறது என்றும் குறிப்பிடுகிறார். ‘அழகாக’ என்ற அந்த ஒரு சொல்லைத் துறவி ஒருவர் கைநழுவ விட்டதாகவும் கொள்ளலாம். பொதுவுக்காகச் செய்த அழகில் குற்றம் ஏதுமில்லை என்று அவர் கருதியதாகவும் கொள்ளலாம். பின்னதே பொருத்தமாகத் தோன்றுகிறது.

தேர்ந்தெடுக்கும் உரிமையைச் சட்டத்திடம் ஒப்படைப்பது துறவாகுமா, வெறும் கீழ்ப்படிதலா என்ற எதிர்வாதம் இங்கே எழும். அது புறக்கணிக்கத்தக்க வாதம் அன்று. கட்டிலுக்குப் பச்சை என்று தலைமை வகுத்துவிட்டால், பூசுபவர் தம் விருப்பத்தை வென்றாரா, அல்லது விருப்பம் எழுவதற்கே வாய்ப்பில்லாமல் போயிற்றா என்று வெளியிலிருந்து சொல்ல இயலாது. மேலும் அந்தப் பச்சையை வகுத்தவர்களுடைய விருப்பம் அங்கே செயல்படவில்லை என்றும் உறுதி கூற இயலாது. 1860இல் சட்டங்கள் மறுபடி திருத்தப்பட்டபோது இத்தகைய நுணுக்கங்கள் பல தளர்த்தப்பட்டன என்பதிலிருந்து, குழுவுக்குள்ளேயே இந்த ஐயம் இருந்திருக்கலாம் என்று கருத இடமுண்டு. ஆயினும் எளிமையைப் பொருளின் தோற்றத்தில் தேடாமல் செய்பவரின் உள்ளத்தில் தேட வேண்டும் என்று அவர்கள் கண்டுகொண்டது, அதற்கு அவர்கள் கையாண்ட வழியின் குறைகளால் பொய்த்துவிடுவதில்லை.

பின்னர் நிகழ்ந்தது இவ்வினாவை வேறொரு பக்கத்திலிருந்து திறந்துவிட்டது. இருபதாம் நூற்றாண்டில் குடியிருப்புகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு அவற்றின் பொருள்கள் விற்பனைக்கு வந்தபோது, சேகரிப்பாளர்களும் வணிகர்களும் அவற்றின் நேர்க்கோடுகளில் தம் காலத்துக்கு இசைந்த எளிமையைக் கண்டனர். எளிமைக்கு ஏற்றது வெறும் மரமே என்று அவர்களுக்குத் தோன்றியதால், எண்ணற்ற அலமாரிகளிலிருந்தும் மேசைகளிலிருந்தும் பழைய மஞ்சளும் சிவப்பும் சுரண்டி எடுக்கப்பட்டு, தெளிந்த வார்னிஷ் ஏற்றப்பட்டது. வண்ணத் துணுக்கு ஒன்றைக் குறுக்காக வெட்டி நுண்ணோக்கியில் வைத்து, புறஊதா ஒளியில் அரக்குப் படலம் செம்மஞ்சளாக ஒளிர்வது போன்ற குறிகளைக் கொண்டு அடுக்கு அடுக்காகப் படிக்கும் முறை பின்னர் வளர்ந்தபோதுதான், மரத்துளைகளுக்குள் தங்கிவிட்ட எச்சங்களிலிருந்து அந்த நிறங்கள் எவ்வளவு எடுப்பாக இருந்தன என்பது தெரியவந்தது. வெறும் மரத்தின் தூய்மை என்று அருங்காட்சியகங்களில் வியக்கப்பட்டது, பல பொருள்களில், அவற்றைச் செய்தவர்களின் எளிமை அன்று. அவற்றை வாங்கியவர்களின் சுவை.

மரத்தையும் யானையையும் பற்றிய திருமந்திரச் செய்யுள் தமிழ் வாசகருக்கு இவ்விடத்தில் நினைவுக்கு வராமல் போகாது. மரத்தால் ஆன யானையை யானையாகக் காண்பவருக்கு மரம் தெரியாது என்பதோடு அச்செய்யுளை நிறுத்திக்கொள்வது பேச்சு வழக்கு; தோற்றத்தை நீக்கினால் உண்மை தெரியும் என்ற பொருளில்தான் அது பெரும்பாலும் எடுத்தாளப்படுகிறது. திருமூலர் அதோடு நிறுத்தவில்லை. மரத்தைக் காண்பவருக்கு யானை மறைந்துபோகும் என்பதும் அதே செய்யுளின் பகுதியே, உலகுக்கும் பரத்துக்கும் இடையிலும் அவர் அதே இருவழி மறைப்பைக் காட்டுகிறார். ஐம்பூதங்களில் மறையும் பரமும், பரத்தில் மறையும் ஐம்பூதங்களும் சமயநெறியில் ஒரே தரத்தவை அல்ல, பின்னதே ஞானம். ஆனால் பரம்பொருளுக்குப் பொருந்தும் அந்த ஏற்றத்தாழ்வை அலமாரிக்கும் பொருத்திவிடுவது பிழை. மஞ்சளைச் சுரண்டியவர் மரத்தைக் கண்டார் என்பது உண்மை. அதே கணத்தில் ஒரு குடியிருப்பின் கூட்டுமுடிவும், அதற்காகத் தம் விருப்பத்தை ஒதுக்கி வைத்த ஒரு தச்சரின் பயிற்சியும் அவர் கையிலிருந்த சுரண்டித் தகட்டில் திரண்டு தரையில் உதிர்ந்தன. மரம் எங்கும் கிடைக்கும்.

ஆயிரமாண்டுச் சட்டங்கள் பெயரைப் பற்றியும் பேசியிருந்தன. தம் கையால் ஆன வேலை இது என்று பிறர் பிற்காலத்தில் அறிந்துகொள்ளும்படி எவரும் தாம் செய்த பொருளில் தம் பெயரை எழுதலாகாது என்பது விதி. வண்ணம் பூசிய முகப்புகள் அந்த விதியைக் காத்தன; அவற்றில் எந்தப் பெயரும் இல்லை. ஆனால் இழுப்பறையை முழுவதுமாக வெளியே எடுத்துத் தலைகீழாகத் திருப்பினால், பூச்சு எட்டாத அடிப்பலகையிலோ பின்புறத்திலோ, பென்சிலால் எழுதிய ஒரு பெயரும் நாளும் சில பொருள்களில் காணப்படுகின்றன. சிலவற்றில் அன்றைய வேலையைப் பற்றிய சிறு குறிப்பும் உண்டு. முகப்பின் நிறத்தைச் சுரண்டியவர்கள் அந்த எழுத்துகளைத் தொடவில்லை. இன்று ஏலக்கூடங்களில் விலையைக் கூட்டுபவற்றுள் ஒன்று, முகப்பில் தப்பிப் பிழைத்த பழைய நிறம். மற்றொன்று, எழுதக் கூடாது என்று விலக்கப்பட்ட அந்தப் பெயர்.